சம்பளப் பாக்கிக்கு வந்த கான்டெஸா

பழைய டிராக்டர் வாங்கலாமா, பத்து வருஷம் சும்மா கிடந்த ஆயில் இன்ஜினைச் சரிசெய்து ஓட்டலாமா என்று இந்த இதழின் கேள்வி-பதில் பக்கத்தில் அடிக்கடி யாராவது கேட்கிறார்கள். நான் எழுதப்போவது ஒரு காரைப் பற்றி. ஆனால், ஓடாமல் கிடந்த இயந்திரம் எதுவானாலும் நோய் ஒன்றுதான். துரு, எலி, காய்ந்த ரப்பர், கெட்டுப்போன எண்ணெய். அதனால் கார் இல்லாதவர்களும் இதைப் படிக்கலாம்.

எங்கள் தோட்டம் உடுமலைப்பேட்டைக்கு மேற்கே இருக்கிறது. நாலரை ஏக்கர். பி.ஏ.பி. வாய்க்காலில் எங்கள் மண்டலத்துக்குத் தண்ணீர் விடும் சுற்றில் மக்காச்சோளம் போடுவோம். மற்றபடி கிணற்றை நம்பி நூறு தென்னை, கொஞ்சம் தீவனச்சோளம், இரண்டு மாடு, பதினைந்து வெள்ளாடு. மாட்டுக் கொட்டகையை ஒட்டிய தகரச் சாய்ப்பில் 2010-ல் இருந்து ஒரு வெள்ளைக் கான்டெஸா நின்றுகொண்டிருந்தது. 1993-ம் வருஷத்து வண்டி.

நாலரை ஏக்கர்க்காரன் வீட்டில் கான்டெஸா எப்படி வந்தது என்று கேட்பீர்கள். என் அப்பா பக்கத்து ஊரில் இருந்த ஒரு நூல் மில்லில் முதலாளிக்குக் கார் ஓட்டியவர். முதலில் அம்பாசடர், பிறகு இந்தக் கான்டெஸா. 2000-ல் மில் மூடப்பட்டபோது அப்பாவுக்கு 22 மாதச் சம்பளம் பாக்கி. மாதம் 2,850 ரூபாய். பணம் கிடையாது, வேண்டுமானால் காரை எடுத்துக்கொள் என்றார்கள். ஆர்.சி. மாற்றும் படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அப்பா ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் அம்மா கடைசிவரை அதைக் கார் என்று சொன்னதே இல்லை. "சம்பளப் பாக்கி மேல கோழி அடையுது, முடுக்கி உடு" என்பார்.

வண்டியின் பூர்வீகத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் வாக்ஸால் என்ற கம்பெனி 1970-களில் வி.எக்ஸ். என்று ஒரு கார் விற்றது. அதன் அச்சுகளை வாங்கி, அம்பாசடர் செய்துகொண்டிருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1984-ல் தயாரித்த வண்டிதான் கான்டெஸா. ஆரம்பத்தில் அம்பாசடரின் 1.5 லிட்டர் இன்ஜினையே இதற்கும் போட்டார்கள். பெரிய கூட்டு வண்டிக்குக் கன்றுக்குட்டியைப் பூட்டின கதைதான். பிறகு ஜப்பான் நாட்டு இசுஸூ கம்பெனியின் 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜினும் 5 கியரும் வந்தன. 88 குதிரைத்திறன். மாருதி 800-க்கு 40 கூட இல்லாத காலம் அது. அன்றைக்கு நம் ரோட்டில் வேகத்துக்கும் சொகுசுக்கும் இதைத்தான் சொல்வார்கள். மந்திரிகளும் மில்காரர்களும் வைத்திருந்தார்கள். 2002-ல் தயாரிப்பு நின்றது.

நம் டிராக்டர் 40 குதிரை, இது 88 குதிரையா என்று மலைக்க வேண்டாம். டிராக்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்றை ஒட்டியே தன் முழுத் திறனையும் கொடுத்துவிடும். இது 5,000 சுற்று போட்டால்தான் அந்த 88 வரும். கலப்பையைக் கட்டினால் பத்தடி நகராது.

அப்பா ஏழெட்டு வருஷம் எப்போதாவது ஓட்டினார். கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரி என்று வெளியூருக்கு மட்டும். ஊருக்குள் எடுக்கவே மாட்டார். லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் கொடுத்தால் அதிகம். பெட்ரோல் விலை ஏறிய பிறகு சாய்ப்பில் நிறுத்தினார். நிறுத்தியது நின்றுவிட்டது. பழைய இரும்புக்காரர்கள் வருஷத்துக்கு ஒருவராவது வந்து கேட்பார்கள். கடைசியாக வந்தவர் 28,000 ரூபாய் வரை போனார். அப்பா கட்டிலைவிட்டு எழுந்திருக்கவே இல்லை.

"வித்தா என்னுங்கப்பா? எடமாவது மிச்சமாகும்" என்று ஒருமுறை கேட்டேன்.

"இருபத்தெட்டாயிரம் வாங்கினா, என்ற சம்பளம் இருபத்தெட்டாயிரம்னு ஆயிப்போகும்" என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

விற்கவும் மாட்டார், ஓட்டவும் மாட்டார், அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். கயிற்றுக் கட்டிலைக் கிணற்றுப் பக்கம் பார்த்துப் போட்டுக்கொண்டு, கொட்டகைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். அம்மா தவறிய வருஷம், 2023-ல், அவருக்கு 74 வயது. அப்போதுதான் வண்டியை ஓடவைத்துப் பார்ப்போம் என்று எனக்குத் தோன்றியது. ஓடினால் அது கார் ஆகிவிடும், பாக்கியாக இருக்காது என்று ஒரு கணக்கு.

என் மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "ஏனுங்க, பயிர்க்கடன் பணத்துல ஒரு ரூபா இதுக்குப் போகக்கூடாதுங்க. பாப்பா காலேஜ் பணத்தையும் தொடக்கூடாது. ஆட்டுக் காசுல என்ன வேணா பண்ணிக்கங்க." ஆட்டுக் காசு என்றால் ஆட்டுக் காசுதான். கிடா விற்றால் வேலை நடக்கும், விற்காவிட்டால் வண்டி நிற்கும். ஒரு வருஷம் எட்டு மாதம் ஆனது இதனால்தான். அதில் எனக்கு வருத்தமில்லை. அவசரப்பட்டிருந்தால் செலவு இரட்டிப்பாகியிருக்கும்.

ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போனேன். இதைப் படிக்கிற எல்லோருக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன். சொந்த உபயோகத்துக்கான காரின் பதிவு 15 வருஷத்துக்குத்தான் செல்லும். அதன்பின் வண்டியைக் காட்டி 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். படிவம் 25. டெல்லியில் 15 வருஷப் பெட்ரோல் வண்டியை ஓட்டக்கூடாது என்பதைக் கேள்விப்பட்டு, இங்கேயும் அப்படித்தான் என்று பலர் வண்டியை இரும்புக்குப் போட்டுவிடுகிறார்கள். அது டெல்லிக்கும் அதைச் சுற்றிய பகுதிக்கும்தான். நம் ஊரில் தகுதி இருந்தால் ஓட்டலாம், பணம்தான் கட்ட வேண்டும். நான் கட்டியபோது கார் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். 2025 ஆகஸ்டில் இருந்து 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு அதை 10,000 ஆக்கிவிட்டார்கள். எங்கள் ஆர்.சி. 2013-லேயே காலாவதியாகி இருந்ததால், தாமதத்துக்கான பணமும் பசுமை வரியும் சேர்ந்து ஏறக்குறைய ஐந்து டயர் விலைக்கு வந்தது. இன்ஜின் எண், சேஸிஸ் எண் இரண்டும் ஆர்.சி.யில் இருப்பதோடு பொருந்துகிறதா என்று மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் பார்த்துக்கொண்டேன். அது பொருந்தாவிட்டால் மற்ற எந்த வேலையும் வீண்.

அடுத்தது ஆள். உடுமலையில் அந்தக் காலத்தில் மில் வண்டிகளுக்கெல்லாம் வேலை பார்த்த மெக்கானிக் அண்ணன் ஒருவர். பட்டறையை மகன் பார்த்துக்கொள்கிறார். இவருக்குக் கண் ஆபரேஷன் ஆகிவிட்டது, கையும் லேசாக நடுங்கும். "நான் ஸ்டூல்ல உக்காந்து சொல்றேன் தம்பி, நீ கழட்டு" என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். கூலியோடு மதியச் சாப்பாடும் ஒரு தேங்காயும் பேச்சு.

நான் பேட்டரி வாங்கி ஸ்டார்ட் செய்வதைப் பற்றிக் கேட்டதும் சிரித்தார். "கிளம்பறது அப்புறம். மொதல்ல நிக்குமான்னு பாரு."

அதனால் பிரேக்கில் தொடங்கினோம். நான்கு சக்கரத்தையும் கழற்றி, கீழே பனங்கட்டை கொடுத்து நிறுத்தினோம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். டிரெய்லர் ஆனாலும் சரி, கார் ஆனாலும் சரி. பின்சக்கரத்து சிலிண்டர்கள் துருப்பிடித்து இறுகிக் கிடந்தன. பிரேக் ஆயில் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த ஈரம்தான் உள்ளிருந்தே சிலிண்டரை அரிக்கிறது. அதனால் வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அதை மாற்றிவிட வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்கு ரப்பர் கிட், பின்னால் புது சிலிண்டர்கள், நான்கு ஹோஸ், முன்பக்க டிஸ்க்குக்குப் புது பேட். 14,500 ரூபாய். பிரேக் ஆயில் இல்லையென்று அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலை ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ரப்பர் ஊதிப்போய் மொத்தப் பிரேக்கும் பிடித்துக்கொள்ளும்.

டயரில் காற்று நின்றது. பட்டனும் தேயவில்லை. ஆனாலும் ஐந்தையும் மாற்றினோம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் ஒன்று அச்சாகியிருக்கும். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருஷம். எங்களுடையது 2306. 2006-ம் வருஷத்து 23-வது வாரத்தில் செய்த டயர். பழைய டிராக்டர், டிரெய்லர் வாங்குகிறவர்களும் இந்த எண்ணைப் பாருங்கள். பட்டன் நன்றாக இருக்கிறது என்று சொல்லித்தான் தலையில் கட்டுவார்கள்.

இன்ஜின் இறுகியிருந்தது. பெரிய சாவியைப் போட்டுத் திருகினாலும் அசையவில்லை. அங்கேதான் பலர் கட்டி இழுத்து, கியரைப் போட்டு, கனெக்டிங் ராடை வளைத்துவிடுகிறார்கள் என்றார் அண்ணன். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் டீசலும் இன்ஜின் ஆயிலும் சரிபாதி கலந்து அரை டம்ளர் ஊற்றச் சொன்னார். மேலே துணியை அடைத்துவிட்டு அடுத்த ஞாயிறுதான் வருவேன், அதுவரை தொடாதே என்று போய்விட்டார். நான் தினமும் காலையில் ஆட்டை அவிழ்த்துவிட்டு வரும்போது கிராங்க் புல்லியில் சாவியைப் போட்டு, முழு பலம் கொடுக்காமல் முன்னே கொஞ்சம் பின்னே கொஞ்சம் அசைத்துப் பார்ப்பேன். ஐந்தாம் நாள் ஒரு விரற்கடை நகர்ந்தது. அந்தச் சந்தோஷத்தை யாரிடம் சொல்வது? மாட்டிடம்தான் சொன்னேன்.

சுற்றத் தொடங்கிய பிறகு, டீசல் கலந்த பழைய ஆயிலை இறக்கிப் புது ஆயில், ஃபில்டர் போட்டோம். பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு ஆயில் மேலே ஏறுவதைப் பார்த்தோம். பிறகு கம்ப்ரஷன் மீட்டரை வைத்துப் பார்த்தோம். மூன்று சிலிண்டரில் 130-க்கு மேல், மூன்றாவதில் மட்டும் 95. அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தபோது 125-க்கு ஏறியது. ஆயில் விட்டு ஏறினால் குறை ரிங்கில் இருக்கிறது, ஏறாவிட்டால் வால்வில் இருக்கிறது என்று அர்த்தம். ரிங் ஒட்டிக்கொண்டிருக்கும், ஓட ஓட விட்டுவிடும், இன்ஜினைப் பிரிக்காதே என்றார் அண்ணன். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு ஐம்பதாயிரம் மிச்சம்.

எலி செய்த வேலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்தால் உள்ளே நிலக்கடலைத் தொலி, தேங்காய் நார், சீட்டுப் பஞ்சு, எல்லாம் சேர்த்து மெத்தை மாதிரி கூடு. டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு ஒயர் மிச்சமில்லை. முன்சீட்டுக்கு அடியில் சாரைப்பாம்பு உரித்த சட்டை ஒன்று கிடந்தது. அது வராமல் இருந்திருந்தால் மீதி ஒயரும் போயிருக்கும். உடுமலையில் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஒருவர் நிறத்துக்கு நிறம் பார்த்து முழு ஒயரிங்கும் புதிதாகக் கட்டினார். அதற்கு 13,000. இப்போது வண்டியை நிறுத்தும் இடத்தில் மக்காச்சோளமோ புண்ணாக்கோ வைப்பதில்லை. இரவில் பானட்டைத் திறந்தே வைக்கிறோம். வெளிச்சமும் காற்றும் இருக்கிற இடத்தில் எலி கூடு கட்டத் தயங்குகிறது. டிராக்டருக்கும் இதையே செய்கிறேன்.

எல்லாவற்றிலும் பெரிய செலவு துரு. 38,000. டிக்கிக்குள் எப்போதோ பொட்டாஷ் மூட்டைகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு. சாப்பாட்டு உப்புக்குப் பங்காளி. காற்றின் ஈரத்தை இழுத்துத் தகரத்தைத் தின்றுவிடும். டிக்கித் தரையைக் குத்தினால் ஸ்க்ரூ டிரைவர் மறுபக்கம் வந்தது. அதோடு மாட்டு மூத்திரத்து ஆவி வேறு. லாரி, டிராக்டர் மாதிரி இந்தக் காருக்குத் தனிச் சட்டம் கிடையாது, தகர உடம்பேதான் எலும்பும். அதனால் தரை அரித்துப்போனால் அழகு மட்டும் போவதில்லை, பலமே போய்விடும். பட்டி வைத்து மூடி பெயின்ட் அடித்துத் தருகிறேன், 12,000 போதும் என்று ஒரு டிங்கர் சொன்னார். இன்னொருவர் அரித்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும், அதற்குத்தான் 38,000 என்றார். அரித்ததை வெட்டாமல் மேலே பூசுவது, வேர்ப்புழு இருக்கும்போது இலைக்கு மருந்தடிப்பது மாதிரி. இரண்டு கிடாவும் ஒரு பெட்டையும் அதில் போயின. பெயின்ட் இன்னும் அடிக்கவில்லை. சாம்பல் நிறப் பிரைமரோடுதான் ஓடுகிறது.

பெட்ரோல் விஷயத்துக்கு வருகிறேன். டேங்க்கில் பழைய பெட்ரோல் கெட்டியாகி வார்னிஷ் வாடை அடித்தது. டேங்க்கை இறக்கிக் கழுவக் கொடுத்தோம். வீட்டில் யாரும் டேங்க்கில் வெல்டிங் வைக்காதீர்கள். பெட்ரோல் நிறைந்த டேங்க்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து, உள்ளே நிற்கிற ஆவிதான் வெடிக்கும். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் எதிலிருந்து வருகிறது? கரும்பிலிருந்தும், நெல் அரிசியிலிருந்தும், நம் மக்காச்சோளத்திலிருந்தும்தான். நான் விற்ற சோளமே சுற்றி வந்து என் காரின் ரப்பர் குழாயைத் தின்கிறது என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. மக்காச்சோளம் விலை நிற்க வேண்டுமானால் அதைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. ஆனால் 1993-ல் செய்த ரப்பர் அதற்கானது இல்லை. பெட்ரோல் போகும் குழாய், பம்ப்பின் டயஃப்ரம், கார்புரேட்டர் வாஷர் எல்லாவற்றையும் எத்தனால் தாங்குகிற வகையில் மாற்றினோம். எத்தனால் தண்ணீரை இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கும்போது அந்தத் தண்ணீர் பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கிவிடும். பெட்ரோல் களைவெட்டும் இயந்திரம், மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர் வைத்திருப்பவர்கள் சீசன் முடிந்ததும் டேங்க்கையும் கார்புரேட்டரையும் காலி செய்து வையுங்கள்.

உதிரிப் பாகம் எங்கே கிடைத்தது என்பதுதான் எல்லோரும் கேட்பது. இன்ஜினுக்குக் கஷ்டமே இல்லை. இதே இசுஸூ 1.8 இன்ஜினைப் பிறகு அம்பாசடரிலும் போட்டார்கள். அம்பாசடர் 2014 வரை வந்ததால், அந்த 1800 வண்டியின் கேஸ்கட், வாட்டர் பம்ப், கிளட்ச் எல்லாம் விசாரித்தால் கிடைக்கின்றன. உடம்புச் சாமான்தான் அபூர்வம். கதவு ரப்பர், விளக்குக் கண்ணாடி, முன் கிரில். சென்னை புதுப்பேட்டைக்கு இரண்டு தடவை போனேன். கொல்கத்தா மல்லிக் பஜாரில் இருந்து ஒரு பார்சல் வந்தது.

முதன்முதலில் ஸ்டார்ட் ஆன நாள் 2024 புரட்டாசியில் ஒரு ஞாயிறு. பாட்டிலில் பெட்ரோல் தொங்கவிட்டு, ரேடியேட்டரில் மழைத் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தோம். எங்கள் போர் தண்ணீர் உப்பு, அதை ஊற்றினால் உள்ளே சுண்ணாம்பு கட்டிவிடும். நாலாவது சுற்றில் பிடித்தது. கொட்டகை முழுக்க நீலப் புகை. மாடு இரண்டும் கயிற்றை அறுக்கப் பார்த்தன. இரண்டு நிமிடம் ஓடியிருக்கும், கிணற்றுப் பக்கம் இருந்து அப்பா குரல்.

"வால்வு அடிக்குது. மூணாவது. கேக்கலையாடா?"

முதுகைத் திருப்பியபடிதான் சொன்னார். அண்ணன் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். மூடியைக் கழற்றி அளந்தோம். மூன்றாவது சிலிண்டரின் ஒரு வால்வில் இடைவெளி அதிகம். பதினாலு வருஷம் கேட்காத சத்தம் அது.

அதற்குப் பிறகு அவர் கட்டிலைத் திருப்பிப் போட்டுக்கொண்டார் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். கட்டில் அங்கேதான் கிடந்தது. ஆனால், கேட்டால் பதில் சொல்வார். கிளட்ச் எந்த உயரத்தில் பிடிக்க வேண்டும், சோக்கை எப்போது உள்ளே தள்ள வேண்டும், ரிவர்ஸ் கியர் சில சமயம் விழாவிட்டால் என்ன செய்ய வேண்டும். எல்லாம் மில்லுக்குப் போய்வந்த காலத்துக் கணக்கு.

அவர் ஏன் ஊருக்குள் காரை எடுக்க மாட்டார் என்பது எனக்கு அந்த மார்கழியில்தான் விளங்கியது. மில்லில் கார்டிங் மெஷின் பார்த்த பெரியவர் ஒருவர் எங்கள் ஊரிலேயே இருக்கிறார். சின்ன வயதில் இருந்து பார்க்கிறேன், அப்பாவும் அவரும் பேசிக்கொண்டதில்லை. பாக்கிக்காக வழக்குப் போட்டவர்களில் அவரும் ஒருவர். அந்த வழக்கு வருஷக்கணக்காக இழுத்தது. பாதிப்பேர் தீர்ப்பு வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தார்கள். மீதிப்பேருக்கு வந்தது வக்கீல் செலவுக்குச் சரியாகப் போனது. டிரைவர் மட்டும் முதலாளியிடம் காரை வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிட்டார் என்பது அவர்கள் பேச்சு. அது பொய்யும் இல்லை. கையெழுத்துப் போட்டு வாங்கிய பிறகு வழக்கில் சேர அப்பாவுக்கு வழியில்லை.

அந்தப் பெரியவர் ஒருநாள் ஆடு கேட்கிற சாக்கில் தோட்டத்துக்கு வந்தார். எலெக்ட்ரீஷியன் அப்போது ஹாரனைச் சோதித்துக்கொண்டிருந்தார். பழைய இரட்டை ஹாரன். சத்தம் கேட்டதும் பெரியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏனுங் டிரைவரே" என்றார், கிணற்றுப் பக்கம் பார்த்து. "கேட்டுக்கிட்ட வரும்போது ரெண்டு தட்டு தட்டுவீங்களே. அதக் கேட்டுத்தானே நாங்க பீடியப் போட்டுட்டு மெஷினுக்கு ஓடுவோம்."

அப்பா எழுந்து வந்தார். "மொதலாளி உள்ள இருந்தா ரெண்டு. காலி வண்டின்னா ஒண்ணு."

"அதான் தெரியுமே."

"அடிக்கச் சொல்லி மொதலாளி சொன்னதில்லீங்க. நானாத்தான் அடிச்சேன்."

பெரியவர் கொஞ்ச நேரம் வண்டியைச் சுற்றி வந்தார். டிக்கிப் பக்கம் வெல்டிங்கைத் தடவிப் பார்த்தார். ஆடு பற்றிப் பேசவே இல்லை. காபி கொண்டுவந்து கொடுத்தாள் என் மனைவி. இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்து குடித்தார்கள். என்ன பேசினார்கள் என்று நான் பக்கத்தில் போய்க் கேட்கவில்லை.

2025 பங்குனியில் ஆய்வாளரிடம் வண்டியைக் காட்டினோம். பிரேக், விளக்கு, ஹாரன், புகைச் சான்று எல்லாம் பார்த்து 5 வருஷத்துக்குப் புதுப்பித்துக் கொடுத்தார்கள். எல்லாச் செலவும் கூட்டினால் 1,89,000 ரூபாய். பெயின்ட், ஏ.சி. இதில் சேரவில்லை. லாபமா என்று கேட்டால், இல்லை. இதே பணத்துக்கு நல்ல மாருதி வாங்கலாம், லிட்டருக்கு இரண்டு மடங்கு ஓடும். வீட்டில் சும்மா நிற்கிற வண்டியாக இருந்து, ஆர்.சி. சரியாக இருந்து, தரை முழுக்கப் போகாமல் இருந்தால் மட்டும் இறங்குங்கள். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் இரும்புக்காரரைக் கூப்பிடுவதே நல்லது. பணம் கொடுத்து இப்படி ஒரு வண்டியை வாங்கி வந்து சரிசெய்வது நம் மாதிரி ஆட்களுக்கான வேலை இல்லை.

அப்பாவின் லைசென்ஸ் எப்போதோ முடிந்துவிட்டது. நான் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து கியர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் ஏதாவது சொல்லிக்கொண்டே வருவார். மாதம் ஒருமுறை கண் ஆஸ்பத்திரிக்குக் கோவை போக வேண்டியிருக்கிறது. பின்சீட்டில் மில்காரப் பெரியவரும் வருகிறார், அவருக்கும் அங்கேதான் வைத்தியம். பல்லடம் ரோட்டில் 80-ல் போகும்போது வண்டி பாய் விரித்த மாதிரி போகிறது. அதை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

போன மாதம் கோவையில் இருந்து பழைய கார் சேர்க்கிறவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு 2,75,000 தருகிறேன் என்றார். என் மனைவி முகத்தில் காலேஜ் பீஸ் கணக்கு ஓடியது எனக்குத் தெரிந்தது. அப்பாவிடம் கேட்டேன். அவர் பேப்பரும் பேனாவும் கேட்டார். 2,850-ஐ 22-ஆல் பெருக்கி, 62,700 என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

"இது எனக்கு வரவேண்டியது. நீ போட்டது ஒண்ணு எம்பத்தொம்பது, அது உனக்கு. மிச்சம் வர்றது அந்த ஆளோட காசு. அத எதுக்கு வாங்கறே?"

"வட்டிங்க மாமா?" என்றாள் என் மனைவி. "இருபத்தஞ்சு வருஷத்து வட்டி?"

அப்பா பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கோவைக்காரர் தை வரைக்கும் டைம் கொடுத்திருக்கிறார். விற்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவாகவில்லை. விற்றாலும் விற்காவிட்டாலும் இடது பின்கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் மெஷின் ஒன்று வேண்டும். புதுப்பேட்டையில் வலது பக்கத்துக்குத்தான் கிடைத்தது. வாசகர்கள் யாரிடமாவது இருந்தால், அல்லது கிடைக்கிற இடம் தெரிந்தால், இதழுக்கு எழுதுங்கள். பெரியவர் உட்காருவது அந்தப் பக்கம்தான்.